தேர்வீதிக்கு அடியில் ஒரு வயர்

பெரியேரிப்பட்டியில் அந்தப் புது விதி வந்த பிறகு கொஞ்ச காலம் யாருக்கும் எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. மாரியம்மன் தேர் சுற்றிவரும் நான்கு வீதிகளிலும் தலைக்கு மேல் எந்தக் கம்பியும் போகக் கூடாது என்று பேரூராட்சியில் தீர்மானம் போட்டிருந்தார்கள். கரண்டு, கேபிள் டிவி, இன்டர்நெட் எதுவானாலும் இனி மண்ணுக்கு அடியில்தான் போக வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி இதைச் சொல்லிக்கொண்டு போனதும், மேற்குத் தேர்வீதியில் ஒரு பெண் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டாள். டீக்கடைக்காரர் பெயர்ப்பலகையில் கட்டியிருந்த சீரியல் லைட்டைக் கழற்றினார். திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர், தன்னுடைய வயரையும் புதைக்க வேண்டுமா என்று கேட்டபோது வார்டு கவுன்சிலர் சென்னப்பன் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அதைக் கேட்டுச் சொல்றேங்க" என்றார்.

விதி வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் தேருக்கு முன்னால் நான்கைந்து பேர் மூங்கில் கழியால் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். போன வருடம் தேரின் கலசம் கம்பியில் உரசி, அறுந்த கம்பி கூட்டத்துக்குள் விழுந்தது. நல்லவேளையாக அதில் கரண்டு இல்லை. அன்றிலிருந்து சென்னப்பன் தருமபுரிக்கும் சென்னைக்கும் அலைந்து, இந்த வேலைக்கு நிதி வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் ஒரு பக்கமாகப் பள்ளம் தோண்டிக் கேபிள் போட்டு, ஆங்காங்கே பச்சை நிற இரும்புப் பெட்டி வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு வீடு கரண்டு கொடுப்பது என்று ஏற்பாடு.

பாஞ்சாலியின் வீடு கிழக்குத் தேர்வீதியில் கடைசி வீடு. அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் செய்பவள். சித்திரை மாதம், பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். மகள் கனிமொழி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். கணவன் மாயவன் அந்த ஊருக்கே வயர்மேன். கல்யாண வீட்டு சீரியல் லைட்டிலிருந்து கிணற்று மோட்டார் வரை யாருக்கு எது ஓடவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அன்று காலை பாஞ்சாலி கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. திடீரென்று படாரென ஒரு சத்தம். கிரைண்டர் நின்றது. மின்விசிறியும் நின்றது. ஈரக் கையோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். ஜேசிபி டிரைவர் வண்டியிலிருந்து குதித்துத் தூரமாகப் போய் நின்றிருந்தான். பள்ளத்தில் கறுப்பு ஹோஸ் பைப் ஒன்று கிழிந்து கிடந்தது. போர்வெல்லுக்குப் போடுகிற மாதிரியான பைப். அதற்குள்ளிருந்து இரண்டு வயர்கள் அறுந்து, வாயைப் பிளந்துகொண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

"யாருதுங்க இது?" என்றான் டிரைவர்.

லைன்மேன் குனிந்து பார்த்தார். "எங்களுது இல்லப்பா. எங்க கேபிளு இவ்ளோ மெலிசா இருக்காது."

கேபிள் டிவிக்காரர், "எங்களுது மேலதானே போவுது, கண்ணு தெரியலையா?" என்றார். டெலிபோன்காரரைப் போனில் கேட்டார்கள். அந்தத் தெருவில் அவர்களுக்கு லைனே இல்லையாம், எடுத்துப் பல வருடம் ஆயிற்றாம். தண்ணீர் திறந்துவிடுகிறவர், "தண்ணிக் கொழாய்க்கு எதுக்குய்யா ஒயரு?" என்று எரிந்து விழுந்தார். கோயிலுடையதாக இருக்குமோ என்று ஒருவர் சொல்ல, பூசாரியைக் கூப்பிட ஆள் போயிற்று. பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் அந்த வயரைப் பார்த்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை.

"எங்க வூட்டுல கரண்டு போயிருச்சுங்க" என்றாள் பாஞ்சாலி.

லைன்மேனுக்கு மாயவனோடு நல்ல பழக்கம் இருந்தது. அவரே வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பீஸ் போயிருந்தது. புதுக் கம்பி கட்டிப் பீஸ் கட்டையைச் சொருகினார். அடுத்த நொடி தெருவில் மறுபடியும் படாரென்ற சத்தம், பெண்களின் கூச்சல். கட்டையைப் பிடுங்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு ஓர் ஆளை விட்டு அறுந்த வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லி, டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். இங்கே கட்டையைப் போட்டால் அங்கே டெஸ்டர் எரிந்தது. பிடுங்கினால் அணைந்தது.

"அக்கா, இது உங்க வூட்டு கரண்டுக்கா."

"எங்க வூட்டு கரண்டு ரோட்டுல எதுக்குங்க போவுது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

மீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு சுவிட்ச் இருந்தது. மோட்டார் சுவிட்ச், அணைத்துவிடாதே என்று மாயவன் எப்போதோ சொல்லியிருந்தான். வீட்டில் மோட்டார் எடுத்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. இருந்தும் அவன் சொன்னதால் அவள் அதைத் தொட்டதில்லை. மோட்டாரே இல்லாதபோது அந்த சுவிட்ச் எதற்கு என்று ஒரு தரம்கூடத் தனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று அவளுக்கே இப்போது விளங்கவில்லை. லைன்மேன் அதை அணைத்தார். அதிலிருந்து கிளம்பிய வயர் சுவர் வழியாக இறங்கி, வாசல்படிக்கு அடியில் போய், தெருவைக் குறுக்கே கடந்தது.

எதிர்ப்பக்கம் வீடு கிடையாது. ஒரு சந்து. அதைச் சர்ச் சந்து என்பார்கள். தேர் அதற்குள் போகாது. தேர்வீதிக்காரர்களும் பெரும்பாலும் போவதில்லை.

அந்தச் சந்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ரோசம்மாளின் மகள் பூவிழி. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இன்னும் முகம் தெளியவில்லை. வெயிலில் சிவந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணா, கரண்டு போயிருச்சே. எப்போ வரும்? கொழந்த தாங்க மாட்டேங்குது."

லைன்மேன் அவளைப் பார்த்தார். "உங்க வூட்டுக்கு கனெக்சனே இல்லையேம்மா."

"இருக்குதே. லைட்டு, பேனு எல்லாம் எரியுதே."

கூட்டத்தில் ஒவ்வொருவராகத் திரும்பிப் பாஞ்சாலியைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கலைமணி அவள் காதருகே குனிந்து, "ஏன் பாஞ்சாலி, உங்க வூட்டு கரண்டு எதுக்கோசரம் அந்த வூட்டுக்குப் போவுது?" என்றாள். மெதுவாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது.

பாஞ்சாலி பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் கால் வைத்துத் தாண்டி, சந்துக்குள் நடந்தாள். ஏன் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து தன் வாசலில் நின்று பார்த்த சந்துதான். உள்ளே காலெடுத்து வைப்பது அதுவே முதல் தடவை.

ரோசம்மாளின் வீடு, ஏரிக்கால்வாய் ஓரத்தில் சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். சுவரில் மரப்பலகை அடித்து அதன்மேல் சுவிட்ச் போர்டு. அதிலிருந்து வயர் கோடு போட்டது போல நேராக ஏறி, முக்கில் திரும்பி, விசிறிக்குப் போயிற்று. கிளிப்புகள் சம இடைவெளியில் இருந்தன. மாயவன் ஆணி அடிக்கும்போது விரலால் அளந்து அளந்து அடிப்பான். கூலி வேலைக்குப் போன இடத்தில்கூட அப்படித்தான், எதற்கு இவ்வளவு நேரம் என்று சண்டை வரும். போர்டின் இடது ஓரத்தில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தது. மற்றவர்கள் வலது ஓரத்தில் வைப்பார்கள். பாஞ்சாலியின் சமையலறையிலும் அது இடது ஓரத்தில்தான்.

யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. அது அவன் கை.

அவளுக்குக் கோபம் வர வேண்டும் போலிருந்தது, வரவில்லை. அழுகையும் வரவில்லை. தெரிந்த ஒருவரைத் தெரியாத ஊரில் வேறு யாரோடோ பார்த்துவிட்டது போல நின்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் உதவிப் பொறியாளர் முருகேஷ் வந்தார். சின்ன வயது, வெயிலில் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். சென்னப்பனும் வந்துவிட்டார். தேருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் வேலை நின்றுபோனதில் அவருக்குக் கவலை. பாலக்கோட்டிலிருந்து பஸ் வந்து நிற்க, அதிலிருந்து ரோசம்மாள் இறங்கினாள். தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. புடவையெல்லாம் தக்காளிக் கறை. கூட்டத்தையும் பள்ளத்தையும் பார்த்துவிட்டு, குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள்.

"உங்க வூட்டுக்கு யாரும்மா கரண்டு குடுத்தது?" என்றார் முருகேஷ்.

"ஒயர்மேன் அண்ணங்க. மாயவன் அண்ணன்."

"எப்போ?"

"தண்ணிக் கொழாய் போடத் தெருவைத் தோண்டுனாங்களே, அந்த வருசங்க. அண்ணனே வந்து எல்லாம் போட்டுக் குடுத்தாரு. குடிசைக்காரங்களுக்குக் கவருமெண்டு ஓசியா குடுக்கற லைட்டு, இதுக்கு பில்லு வராதுன்னாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரோசம்மாளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கவருமெண்டுது இல்லம்மா. இந்த வூட்டு மீட்டருக்கு அப்பால இருந்து எடுத்திருக்காங்க" என்று முருகேஷ் பாஞ்சாலியின் வீட்டைக் காட்டினார். ரோசம்மாள் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற பாஞ்சாலியைப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் கேக்கலீங்க. சத்தியமா இந்த வூட்டுல இருந்துன்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமலா இத்தன வருசமா பேனு ஓடுது?" என்றது ஒரு குரல். "மாயவன் எதுக்கு இவளுக்கு ஓசியில போட்டான்?" என்றது இன்னொன்று. சில பெண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

முருகேஷ் பாஞ்சாலியிடம் வந்தார். குரலைத் தணித்தார். "இந்த நாலு வீதியில அனுமதி இல்லாம மண்ணுக்கடியில எந்த ஒயரும் இருக்கக் கூடாதுன்னு விதிங்க. இதை எடுத்தாகணும், அதுல பேச்சே இல்ல. ஆனா எப்படி எழுதறதுன்னுதான் தெரியல. உங்க மீட்டர்ல ஓடுன கரண்டு, அதனால எங்களுக்கு நட்டமில்ல. உங்களுக்குத் தெரிஞ்சு குடுத்திருந்தா, அனுமதி இல்லாம அடுத்த வூட்டுக்குக் குடுத்ததுன்னு எழுதிக்கிட்டு எச்சரிக்கையோட விட்டுடலாம். உங்களுக்குத் தெரியாம எடுத்திருந்தா அது திருட்டு. நீங்க புகார் குடுக்கலாம், ஸ்டேஷனுக்குத்தான் போவும். சொல்லுங்கம்மா, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

உண்மையில் அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து அவளுக்குத் தெரியாத விஷயங்கள்தான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. தெரியாது என்று சொல்வது சுலபம். சொன்னால் ரோசம்மாளை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். தெருவில் எல்லோரும் மாயவனைப் பற்றி அவரவருக்குத் தோன்றியதைப் பேசுவார்கள். இதெல்லாம் பின்னால் யோசித்தது. அந்த நிமிஷத்தில் அவள் கண்ணில் பட்டது பூவிழிதான். கிழிந்த அட்டைப்பெட்டி மூடியால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க" என்றாள் பாஞ்சாலி. "நான்தான் போடச் சொன்னேன்."

ரோசம்மாளின் கை வாயிலிருந்து இறங்கியது. கலைமணி, "நீயா?" என்றாள்.

"ஆமா. நான்தான்."

தன் குரல் அவ்வளவு திடமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முருகேஷ் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். சென்னப்பன் பெருமூச்சு விட்டார். ரோசம்மாள் வீட்டுக்குப் பட்டா இல்லாததால்தான் முன்பு கேட்டபோது கனெக்‌ஷன் தரவில்லை, புறம்போக்கு என்றாலும் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் இப்போது வழி உண்டு, சந்து முனையில் வரப்போகும் பெட்டியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று முருகேஷ் சொன்னார். "அதுவரைக்கும்?" என்று பூவிழி கேட்டாள். அதுவரைக்கும் இல்லை என்பதுதான் பதில். ஆட்கள் பள்ளத்தில் இறங்கி ஹோஸ் பைப்பைப் பிடித்து இழுத்தார்கள். மண்ணைக் கிழித்துக்கொண்டு அது வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் ரோசம்மாள் வந்தாள். பாஞ்சாலியின் வீட்டுப் படிக்குக் கீழே, தெருவிலேயே நின்றுகொண்டாள். பாஞ்சாலிக்கு அவளை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நேராகக் கூப்பிட்டுப் பேசியதே இல்லை.

"நெசமாவே நீங்கதான் போடச் சொன்னீங்களா?" என்றாள் ரோசம்மாள்.

பாஞ்சாலி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "இல்ல" என்றாள். "எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

ரோசம்மாள் தலையாட்டினாள்.

"எதுக்குப் போட்டாரு?" என்று பாஞ்சாலிதான் கேட்டாள். காலையிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்வி.

"எனக்கும் அதாங்க தெரியல." ரோசம்மாள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அப்போ பூவிழி தருமபுரியில ஆஸ்டல்ல படிச்சிட்டிருந்தா. நான் ஒண்டியா இருந்தேன். வூட்டுக்குள்ள பாம்பு வந்திருச்சிங்க. இருட்டுல மிதிச்சிட்டேன், கடிக்கல. மறுநாள் அண்ணன் கம்பத்தாண்ட ஏதோ வேலையா நின்னிருந்தாரு. கம்பத்துல இருந்து ஒரு கொக்கி போட்டுக் குடுங்கண்ணான்னு கேட்டேன். திட்டுனாரு பாருங்க! கொக்கி போட்டீன்னா செத்துப்போயிடுவ, உன்னைத் தூக்க நான்தான் வரணும்னாரு. நான் அழுதுட்டுப் போயிட்டேன். கொழாய்க்குப் பள்ளம் தோண்டுனப்போ ஒரு நாளு அவரே பைப்பு, ஒயரு எல்லாம் தூக்கிட்டு வந்தாரு. சாயங்காலத்துக்குள்ள போட்டுட்டாரு. டீ குடுத்தேன், வெளிய நின்னுதான் குடிச்சாரு. அதோட அந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

அவள் பொய் சொல்லவில்லை என்று பாஞ்சாலிக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனசு அடங்கவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். ரோசம்மாளிடம் கேட்பதற்கான கேள்வி இல்லை அது. ஆனால் கேட்க வேறு ஆள் இல்லை.

ரோசம்மாள் தயங்கினாள். "வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சிருப்பாருங்களோ என்னவோ."

பாஞ்சாலி சட்டென்று வாயைத் திறந்தாள். நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். நம்ம வூட்டு கரண்டு அந்தச் சந்துக்கா, தெருவில் என்ன பேசுவாங்க என்று நிச்சயம் கேட்டிருப்பாள். அன்றிரவு சோறு போடும்போது தட்டை ஓசையோடு வைத்திருப்பாள். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. இத்தனை காலம் கூடவே இருந்தவன் தன்னைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்ததும், அதை ஒரு பேச்சுக்குக்கூடக் காட்டிக்கொள்ளாததும் அவளை எங்கோ இடறிவிட்டது.

சந்துக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"அட்டை வூடு, கொதிக்குமே" என்றாள் பாஞ்சாலி. "கரண்டு வர்ற வரைக்கும் பகல்ல கொழந்தையைத் தூக்கிட்டு இங்க வரச் சொல்லு. வரச் சொல்லுங்க."

ரோசம்மாள் அவளையே பார்த்தாள். "எந்தப் பக்கமா வரட்டுங்க?"

அந்தக் கேள்வி பாஞ்சாலிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சூடேறியது. "வாசலு இருக்குதே" என்றாள். "இப்படித்தான்."

கனிமொழியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். கனிமொழி சிரித்தாள். "அப்பா நல்லதுதானேம்மா பண்ணியிருக்காரு. எதுக்கு அழுவுற?"

"நான் அழுவல."

"குரலு அப்படி இருக்குதே."

"எனக்கு ஒண்ணுமே புரியலடி. அவகிட்ட கவருமெண்டு லைட்டுன்னு சொல்லியிருக்காரு. என்கிட்ட மோட்டார் சுவிட்சுன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு பேருகிட்டயும் பொய்யி. அப்போ யாருகிட்டதான் உண்மையச் சொன்னாரு?"

லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாள் கனிமொழி. வேண்டாம் என்றாள் பாஞ்சாலி.

மறுநாளிலிருந்து பூவிழி வந்தாள். வெயில் ஏறும் முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பள்ளத்தின் மேலுள்ள பலகையைத் தாண்டி, முன்வாசல் வழியாக. முதல் நாள் கலைமணி தன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள் சாத்தவில்லை. அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள் வந்து, "சளி புடிச்சிருக்குதா? மூச்சு கரகரங்குதே" என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வசம்பு ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போனாள். என்ன நினைத்துக்கொண்டு கொடுத்தாள் என்று பாஞ்சாலிக்கு விளங்கவில்லை.

ரோசம்மாளுக்காக மின்வாரிய அலுவலகத்துக்குப் பாஞ்சாலியும் கூடப் போனாள். ஓரிடத்தில் பட்டா கேட்டார்கள், இன்னோரிடத்தில் பட்டா தேவையில்லை என்றார்கள். விஏஓ கையெழுத்து வேண்டும் என்றார்கள். விஏஓ, அதெல்லாம் என் வேலை இல்லை, பேரூராட்சியில் வாங்கு என்றார். பேரூராட்சியில் அது தேர்வீதியா சந்தா என்று கேட்டார்கள். தேர்வீதி என்றால் புது விதி, சந்து என்றால் பழைய விதி. வீடு சந்தில், பெட்டி தேர்வீதியில். எழுத்தர் நெற்றியைச் சொறிந்தார். கடைசியில் முருகேஷ் தானே வந்து பேசி, ஒரு வழியாக முடித்துக் கொடுத்தார்.

தேருக்கு முந்தின வாரம் கடைசிக் கம்பத்தையும் பிடுங்கினார்கள். கம்பம் போன இடத்தில் காக்கைகள் உட்கார இடம் தேடிச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அன்று மாலை கோயில் முன் சின்ன விழா. ரோசம்மாள் வீட்டுக்குப் புது மீட்டர் வைத்து, காலையில்தான் கரண்டு வந்திருந்தது. பாஞ்சாலியைக் கட்டாயம் வரச் சொல்லி சென்னப்பன் ஆள் அனுப்பியிருந்தார். எதற்கு என்று தெரியாமல் போனாள்.

சென்னப்பன் மைக்கைப் பிடித்தார். "பூமிக்கு அடியில கரண்டு கொண்டுபோவணும்னு நமக்கெல்லாம் இப்பத்தாங்க தோணுச்சு. ஆனா நம்ம கெழக்குத் தேர்வீதி பாஞ்சாலியம்மா அப்பவே அதைச் செஞ்சிருக்காங்க. அதுவும் தனக்கு இல்ல, எதிர்ல இருக்கற ஏழை வூட்டுக்கு! ஒரு வார்த்தை வெளிய சொல்லாம!"

கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பாஞ்சாலி மைக்கைக் கேட்டு வாங்கினாள். "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். "எங்க வூட்டுக்காரருதான் பண்ணாரு. எனக்குத் தெரியவே தெரியாதுங்க." மைக் கீச்சென்று கத்தியது. தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முருகேஷ் மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்தபோது கலைமணி கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்து வூட்டுலயே இருக்கேன், எங்கிட்டகூடச் சொல்லலியே பாஞ்சாலி" என்று குறைப்பட்டாள்.

மறுநாள் மத்தியானம் பூவிழி குழந்தையோடு வந்தாள்.

"அங்கதான் கரண்டு வந்திருச்சே?" என்றாள் பாஞ்சாலி.

"பேனு ஓடுதுங்கக்கா. ஆனா அட்டையில அடிக்கற வெயிலு அப்படியே அனலா எறங்குது. இங்கன்னா தூங்குவான்."

பாஞ்சாலி பாயை விரித்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்துவிட்டு, சீக்கிரமே கண்ணை மூடியது. பூவிழி சுவரில் மாட்டியிருந்த மாயவனின் போட்டோவைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு எடுத்தது, அதில் அவன் விறைப்பாக இருந்தான்.

"நான் ஆஸ்டல்ல இருந்ததால அண்ணனை அவ்வளவாப் பார்த்ததில்லீங்க. எப்படிப்பட்டவருக்கா?"

பாஞ்சாலி சொல்லத் தொடங்கினாள். அவனுக்குக் கறியில் காரம் தூக்கலாக இருக்க வேண்டும். மழை வந்தால் போதும், எங்கே லைன் போகுமோ என்று தூங்க மாட்டான். கனிமொழியை அடித்ததே இல்லை. யாராவது கூலியைக் குறைத்துக் கொடுத்தால் அங்கே ஒன்றும் பேசாமல் வந்து, வீட்டில் இரண்டு நாள் முணுமுணுப்பான். இதையெல்லாம் அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லும்போது ஒவ்வொன்றும் பாதியில் நின்றது.

"அப்புறம்?" என்றாள் பூவிழி.

"அப்புறம்..." பாஞ்சாலி குழந்தையின் நெற்றியில் அரும்பிய வேர்வையைத் தலைப்பால் ஒற்றினாள். "தெரியல புள்ள. உங்க அம்மாவைக் கேட்டுப் பாரு. ரோசம்மாக்காவுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கும்."

பூவிழி தலையாட்டினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்த ஆட்கள் மண்ணைத் தட்டிச் சமப்படுத்தும் சத்தம் கேட்டது.